கத்தி வாங்கியது நாம், கழிவு வாங்குவது யார்?

சம்பளம் போட்ட மறுநாள் சாயந்தரம் என்னிடம் படித்த ஒரு பையன் சம்பளத் துண்டோடு வாசலில் வந்து நின்றான். சாதாரண தரம் வரை படித்தவன். இரண்டு வருடம் கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றி இறக்கினான். பிறகு சாரதி லைசன் எடுத்தான். இன்று அதே லொறியை ஓட்டுகிறான்.

"டீச்சர், லொறிக்குச் செலவழிக்கிற காசையெல்லாம் கம்பனி வரியில கழிச்சிக்கலாமாம். கிளாக்கர் ஐயாதான் சொன்னாரு. நான் லைசன் எடுக்கச் செலவழிச்ச காச நான் எதுல கழிக்கிறது?"

அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஓட்டப் பழகுவதற்கு டவுனில் பயிற்சிக் காசு கட்டியிருக்கிறான். வைத்தியச் சான்றிதழுக்கு ஒரு நாள், எழுத்துப் பரீட்சைக்கு ஒரு நாள், ஓட்டிக் காட்டும் பரீட்சைக்கு ஒரு நாள் என்று பேர் போட முடியாமல் போயிருக்கிறது. முதல் தடவை பெயிலானதால் மறுபடியும் போக வேண்டி வந்தது. இதற்கெல்லாம் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. அது இன்னும் திரும்பி வரவில்லை. அவன் நீட்டிய துண்டில் "லொறி திருத்தம்" என்று ஒரு தொகை வேறு கழித்திருந்தார்கள். வளைவில் மண்மேட்டில் உரசியதற்காம்.

அவன் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். கிடைத்த பதிலை இந்த ஏட்டில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இது ஒரு சாரதிப் பையனின் கேள்வி மட்டும் இல்லை. கவ்வாத்துக் கத்தி வாங்கும் அண்ணனுக்கும், படங்கு வாங்கும் அக்காவுக்கும், பால்வெட்டும் கத்தி வாங்கும் இறப்பர்த் தோட்டத்துத் தம்பிக்கும் இதே கேள்விதான்.

ஒரே சொல், இரண்டு கணக்கு

"கழிவு" என்ற சொல் நமக்குப் புதிதில்லை. சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கோயில் காசு, கடன் தவணை என்று துண்டு முழுவதும் கழிவுதான். நம்முடைய துண்டில் அந்தச் சொல் வந்தால் கைக்கு வரும் காசு குறையும்.

கம்பனியின் கணக்குப் புத்தகத்திலும் அதே சொல் இருக்கிறது. அங்கே அது வந்தால் கம்பனி கட்ட வேண்டிய வரி குறையும்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இதை இப்படி வைத்திருக்கிறது. வியாபாரம் செய்பவர், அந்த வருமானத்தை உழைப்பதற்காகச் செய்த செலவைக் கழித்துவிட்டு மிச்ச இலாபத்துக்கு வரி கட்டினால் போதும். டீசல் செலவு. உரம் செலவு. நமக்குக் கொடுக்கும் சம்பளம் செலவு. சேமலாப நிதிக்குக் கம்பனி கட்டும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கட்டும் 3 வீதமும் செலவு. வேலைக்குத் தேவையான பயிற்சியை ஊழியருக்குக் கொடுத்தால் அதுவும் செலவு. லொறி வாங்கினால் அதன் விலையை ஐந்து வருடத்துக்குப் பிரித்துப் பிரித்துக் கழிக்கலாம். நட்டம் வந்தாலோ அந்த நட்டத்தை அடுத்த ஆறு வருடம் வரை சுமந்து போய், வரும் இலாபத்தில் கழிக்கலாம்.

இலாபத்துக்கு வரி என்றால் செலவைக் கழிக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு வழக்கு இல்லை. வழக்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அதே சட்டம் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு அந்த வழியை வைக்கவில்லை. வேலைக்காக நீங்கள் வாங்கிய கத்தி, சப்பாத்து, மழைக்கோட்டு, எடுத்த லைசன், கொடுத்த பஸ் காசு எதையும் சம்பள வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. கம்பனியின் நட்டத்துக்கு ஆறு வருடம் தவணை. மழையில் போன நம்முடைய பேரை அடுத்த மாதத்துக்குக்கூடச் சுமந்து போக முடியாது.

கம்பனிகளுக்கான சாதாரண வரி வீதம் இன்று நூற்றுக்கு 30. அப்படியென்றால், இலாபத்தில் ஓடும் ஒரு கம்பனி நமக்கு 100 ரூபாய்க்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்தால் அதற்கு 30 ரூபாய் வரி குறைகிறது. உண்மையில் கையை விட்டுப் போவது 70 ரூபாய்தான். அதே கருவியை நாம் வாங்கினால் 100 ரூபாயும் நம்முடையதே. 70 ரூபாயில் முடிக்கக்கூடிய வேலையை, 100 ரூபாய் கொடுத்தே முடிக்க வேண்டிய ஏழையின் தலையில் வைப்பதற்குப் பெயர் என்ன?

தொழிற்கல்விக்கு வரிச் சலுகை இருந்தது. யாருக்கு?

"அப்படியானால் சம்பளக்காரருக்கும் வரிக்கழிவு கேட்போம். நம் பிள்ளைகள் சாரதிப் பயிற்சி, மெக்கானிக், மின்சார வேலை படிக்கும் செலவை வரியில் கழிக்க அரசாங்கம் இடம் கொடுக்கட்டும்" என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு நாம் ரோட்டுக்கு இறங்கினால், வேறு யாருக்கோ காசு வாங்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்புவோம்.

ஏனென்றால் அந்தச் சலுகை ஒருமுறை வந்து போய்விட்டது. 2020 தொடக்கம் 2022 முடியும் வரை இந்த நாட்டில், தொழிற்கல்விச் செலவையும் மற்றக் கல்விச் செலவையும் வருமானத்தில் கழிக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. தனக்கோ பிள்ளைக்கோ உள்நாட்டில் செய்த செலவு, மருத்துவச் செலவு, வீட்டுக்கடன் வட்டி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 12 இலட்சம் வரை. 2023 தொடக்கத்தில் அது எடுக்கப்பட்டது.

உங்களில் யாராவது அதைப் பற்றிக் கேள்விப்பட்டீர்களா? எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் பிரயோசனம் இருந்திருக்காது. அந்தக் காலத்தில் வருடத்துக்கு 30 இலட்சம், அதாவது மாதம் 250,000 ரூபாய்க்கு மேல் உழைத்தவர்தான் வருமான வரி கட்டினார். வரி கட்டுபவர்தானே வரியில் கழிக்க முடியும்? அந்தக் காலத்தில்தான் நாம் நாளுக்கு 1,000 ரூபாய் கேட்டுத் தெருவில் நின்றோம். மாதம் இரண்டரை இலட்சத்துக்கு மேல் வாங்கியவரின் பிள்ளை படித்த படிப்புக்கு அரசாங்கம் பங்கு போட்டது. நாள் சம்பளக்காரியின் பிள்ளைக்குத் தோடுதான் பங்கு போட்டது.

இன்று அதே சலுகை திரும்பி வந்தால் என்ன ஆகும்? 2025 ஏப்ரலிலிருந்து வருடம் 18 இலட்சம் வரை, மாதக் கணக்கில் 150,000 வரை, வருமான வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். பிறகு ஐந்து ஐந்து இலட்சமாக 18, 24, 30 வீதம். அதற்கும் மேல் 36 வீதம். பயிற்சிச் செலவு ஒரு இலட்சம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

மாதம் 4 இலட்சம் வாங்கும் ஒருவர் அந்த இலட்சத்தைக் கழித்தால் அவருக்கு 36,000 ரூபாய் மிச்சம்.

மாதம் 160,000 வாங்கும் ஒருவர் கழித்தால் 6,000 ரூபாய் மிச்சம்.

நாம் கழித்தால்? 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாள் சம்பளம் 1,350 ரூபாய். 2026 வரவு செலவுத் திட்டம் சொன்னது 1,750. கம்பனி 1,550, அரசாங்கத்தின் வருகைக் கொடுப்பனவு 200. அந்த 1,750ம் ஒரு சதம் குறையாமல் மாதம் 25 நாளும் கையில் வந்தாலும் மாதம் 43,750, வருடம் 525,000. வரி தொடங்கும் 18 இலட்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. நமக்கு மிச்சம் பூச்சியம்.

இதுதான் வரிக்கழிவின் குணம். உயரத்தில் இருப்பவருக்கு அதிகம், கீழே இருப்பவருக்கு ஒன்றுமில்லை. மழை மலை உச்சியிலேயே பெய்து அங்கேயே வற்றிப் போவது போல. இதை நாம் போராடி வாங்கிக் கொடுக்க வேண்டுமா?

நாம் வரி கட்டாதவர்களா?

இந்த இடத்தில் யாராவது எழுந்து "வருமான வரியே கட்டாத நீங்கள் வரிப்பணத்தில் பங்கு கேட்கலாமா?" என்பார். கேட்கட்டும். பதிலைக் கடைச் சிட்டையில் எடுத்துக் காட்டுவோம்.

2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி, நாம் வற் என்று சொல்வது, நூற்றுக்கு 18. அதே நாளிலிருந்து பெற்றோலும் டீசலும் சமையல் எரிவாயுவும் அந்த வரிக்குள் வந்தன. வற் பதிந்த கடையில் 1,180 ரூபாய்க்கு ஒரு சாமான் வாங்கினால் அதில் 180 ரூபாய் அரசாங்கத்துக்குப் போகிறது. துரையும் 180 கட்டுகிறார், கொழுந்தெடுக்கும் அக்காவும் 180 கட்டுகிறார். துரைக்கு அது ஒரு தேநீர்ச் செலவு, அக்காவுக்கு அது கைக்குழந்தையின் மருந்து. இந்த நாட்டின் வரி வருமானத்தில் பெரும் பங்கு இப்படிப் பொருள் மேல் விழும் மறைமுக வரிகளால் வருகிறது. நாம் வரி கட்டுகிறோம். நம் பெயர் எழுதிய ரசீது மட்டும் நமக்குக் கிடைப்பதில்லை.

பஸ்ஸில் ஏறி டவுனுக்குப் பயிற்சிக்குப் போன அந்தப் பையன், பஸ் ஓடிய டீசலுக்கும் வரி கட்டியிருக்கிறான். வற் பதிந்த ஏற்றுமதி நிறுவனம் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வற்றைத் திரும்பக் கேட்கலாம், ஏனென்றால் ஏற்றுமதிக்கு வற் வீதம் பூச்சியம். அவன் கட்டியதை அவன் யாரிடமும் திரும்பக் கேட்க முடியாது.

அப்படியானால் என்ன கேட்பது?

நான் சொல்ல வந்தது இதுதான். வரியில் கழிக்க இடம் கேட்காதீர்கள். செலவையே கம்பனியின் கணக்குக்குத் தள்ளுங்கள். கழிக்க முடிந்தவன் செலவழிக்கட்டும்.

தோட்டத்து லொறி ஓட லைசன் வேண்டும். லொறி ஓடினால்தான் கொழுந்து வாடாமல் ஸ்டோருக்குப் போகும். ஸ்டோருக்குப் போனால்தான் தேயிலை. தேயிலையை விற்றால்தான் இலாபம். அப்படியானால் அந்த லைசன் யாருடைய இலாபத்துக்கான செலவு? டயர் தேய்ந்தால் சாரதியிடம் டயர் வாங்கி வரச் சொல்கிறார்களா? லைசன் மட்டும் ஏன் அவன் அம்மாவின் காதிலிருந்து வர வேண்டும்?

கவ்வாத்துக் கத்தியும் அதேதான். கொழுந்துக் கூடை, படங்கு, மழைக்கோட்டு, மருந்தடிக்கும்போது கையுறை, முகமூடி, சப்பாத்து எல்லாம் அதேதான். இவை நம் வீட்டுச் சாமான் இல்லை. கல்யாணத்துக்குப் படங்கு கட்டிக்கொண்டு போகிறவர் யாரும் இல்லை. தோட்டத்து வேலைக்குத் தேவையான சாமான் தோட்டத்துக் கணக்கில் வர வேண்டும்.

கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் இதையெல்லாம் கேட்க ஒரு மேசையாவது இருந்தது. 2019 ஜனவரியில் கடைசியாகக் கையெழுத்து விழுந்தது. 2021இல் சம்பளச் சபை வழியாக 1,000 ரூபாய் வந்ததும் கம்பனிகள் ஒப்பந்தத்தை விட்டு விலகின. அன்றிலிருந்து பேச்சு முழுக்க நாள் சம்பளத்தைப் பற்றித்தான். சம்பளத்தைக் கேட்க வேண்டும், கேட்போம். ஆனால் ஒரு கையால் 200 ரூபாய் கூட்டிக் கொடுத்துவிட்டு, மறு கையால் கத்தி உன்னுடையது, படங்கு உன்னுடையது, லைசன் உன்னுடையது என்று செலவை நம் பக்கம் தள்ளினால் கூடியது எங்கே? வர்த்தமானியில் சம்பளம் உயரும், அடுப்படியில் உயராது.

"காசில்லை", "கற்றுக்கொண்டு ஓடிப்போவான்"

இரண்டு பதில் வரும். இப்போதே தயாராக இருப்போம்.

முதல் பதில்: "கம்பனி நட்டத்தில் ஓடுகிறது." சரி. கம்பனியின் நட்டத்தை வருங்கால இலாபத்தில் கழிக்கச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. நம் வீட்டு நட்டத்துக்கு அடகுக் கடை மட்டும்தான் இடம் கொடுத்திருக்கிறது. நட்டக் கணக்கில் வாகனத்துக்கு டீசல் அடிக்கக் காசு இருக்கிறது. ஸ்டோர் இயந்திரத்துக்கு எண்ணெய் விடக் காசு இருக்கிறது. இயந்திரத்துக்கு எண்ணெய் வேண்டும் என்றால், அதை இயக்கும் ஆளுக்குக் கையுறையும் வேண்டும்.

இரண்டாம் பதில்: "பயிற்சி கொடுத்தால் பையன்கள் தோட்டத்தை விட்டு ஓடிப்போவார்கள்." பயிற்சி கொடுக்காமலேயே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கொழும்பில் கடைக்கும் ஹோட்டலுக்கும் போகிறார்கள், கையில் ஒரு தொழிலும் இல்லாமல். என் வகுப்பில் சாதாரண தரம் எழுதும் பிள்ளைகளிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால் பாதிப் பேர் கொழும்பு என்ற ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். தோட்டத்தில் லொறியும் டிரக்டரும் ஓட்டத் தகுதியான தொழில், ஒழுங்கான நியமனம், சாரதிக்கு ஏற்ற சம்பளம் இருந்தால் ஒருவன் ஏன் நாலு பேரோடு ஒரு அறையில் படுக்கப் போகிறான்? ஓடுகிறார்கள் என்று குறை சொல்பவர், ஓடாமல் இருக்க என்ன வைத்தார் என்று முதலில் சொல்லட்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கம்பனி பயிற்சிக் காசு கொடுத்தால், "ஐந்து வருடம் போகக்கூடாது, போனால் வட்டியோடு கட்டு" என்று ஒரு காகிதத்தை நீட்டக்கூடும். கங்காணியின் துண்டுக் கடனில் கட்டுண்டு இந்த மலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தக் கயிற்றுக்கு மறுபடியும் கை நீட்டக்கூடாது. சங்கம் பார்க்காமல் எந்தப் பயிற்சிக் காகிதத்திலும் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அரசாங்கத்திடமும் கேட்க இருக்கிறது. பயிற்சிக்குக் கொடுக்கும் காசை வரிக்கழிவாக மேலே கொடுக்காமல், உதவித்தொகையாகக் கீழே கொடுக்கட்டும். தொழில் பயிற்சி அதிகாரசபையும், தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையும் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடம், போய்வரப் பஸ் காசு, பயிற்சி நாளுக்குப் பேருக்கு ஈடான ஒரு தொகை கிடைத்தால்தான் அந்தக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்லலாம். வருடக் கணக்காக வேலை செய்து தொழில் கற்றவருக்கு, மறுபடி வகுப்பில் உட்காராமல், இருக்கும் திறமையைப் பரீட்சித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் இந்த நாட்டில் உண்டு. ஸ்டோரில் இருபது வருடம் இயந்திரம் பார்த்த மாமாவுக்கும், லொறியோடு கிடக்கும் பையனுக்கும் அந்தச் சான்றிதழ் ஏன் கிடைக்கவில்லை? பரீட்சிப்பவர்களைத் தோட்டத்துக்கு அழைத்து வர வேண்டியது யாருடைய வேலை?

கோரிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம்

இன்றைக்கே நம் கையில் இருக்கும் சில காரியங்கள் உண்டு. கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்ப்பது போல இவற்றையும் பாருங்கள்.

ஒன்று, வங்கி வட்டி. ஓய்வு பெற்ற நம் அம்மா அப்பாமார் சேமலாப நிதிக் காசை நிலையான வைப்பில் போட்டிருக்கிறார்கள். 2025 ஏப்ரலிலிருந்து வங்கி அந்த வட்டியில் நூற்றுக்கு 10ஐ வரியாகப் பிடிக்கிறது. அதற்கு முன்பு 5. வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர் சுயபிரகடனப் படிவம் ஒன்றை வங்கியில் கொடுத்தால் அதைப் பிடிக்க மாட்டார்கள். அதற்கு வரி செலுத்துனர் இலக்கம், டின் என்று சொல்வது, வேண்டும். டின் எடுத்தால் வரி கட்ட வேண்டி வரும் என்று பலர் பயப்படுகிறார்கள். இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்டுவது வேறு. வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவருக்கு டின் இருந்தாலும் வருமான வரி இல்லை. பிடித்த காசை இறைவரித் திணைக்களத்திடம் திரும்பக் கேட்கவும் வழி உண்டு. வரிக்கழிவு என்ற பெயரில் நமக்கு உண்மையாகவே கிடைக்கக்கூடியது இதுதான், இதை நாம் கேட்பதே இல்லை. கிழவியின் மருந்துக் காசு மாதா மாதம் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரை அனுப்பிப் படிவத்தை எடுங்கள். வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

இரண்டு, சொந்த வண்டி. லீசிங்கில் ஆட்டோவோ, வேனோ, சின்ன லொறியோ எடுத்து ஹயர் ஓடும் தம்பிமார் நம்மில் கூடிக்கொண்டு வருகிறார்கள். நீங்கள் சம்பளக்காரர் இல்லை, சட்டத்தின் கண்ணில் வியாபாரி. கம்பனிக்கு இருக்கும் அதே கழிவு உங்களுக்கும் உண்டு. ஒரு கணக்குப் பாருங்கள். வருடம் 30 இலட்சம் ரூபாய் ஹயர் காசு வந்தது. டீசல், டயர், திருத்தம், இன்சூரன்ஸ் எல்லாம் 19 இலட்சம். மிச்சம் 11 இலட்சம். 18 இலட்சத்துக்குள் இருப்பதால் வரி இல்லை. ஆனால் ஒரு பில்லும் இல்லை, வந்த காசு மட்டும் வங்கிக் கணக்கில் தெரிகிறது என்றால்? 30 இலட்சத்தில் 18ஐக் கழித்து 12 இலட்சத்துக்கு வரி கேட்டால் 96,000 ரூபாய். நீங்கள் சம்பாதிக்காத காசுக்கு வரி. அதனால் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒரு பக்கம் வரவு, மறு பக்கம் செலவு. பில்லை அன்றன்றைக்கே ஒட்டுங்கள். வீட்டுப் பயணத்துக்கு அடித்த டீசலை அதில் சேர்க்க வேண்டாம். கணக்கு நேராக இருந்தால்தான் பேச முடியும்.

மூன்று, சம்பளத் துண்டு. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், அனுமதிக்கப்பட்ட கழிவு தவிர வேறு எதையும் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கக்கூடாது. "லொறி திருத்தம்", "கத்தி தொலைந்தது" என்று துண்டில் வந்தால் வாயை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். எந்தச் சட்டத்தின் எந்த விதிப்படி கழித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். துண்டின் போட்டோப் பிரதியைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். பதில் வராவிட்டால் தொழில் அலுவலகத்துக்குப் போவோம். நம் பையனின் துண்டையும் கொண்டு அப்படித்தான் போகிறோம்.

நான்கு, நாம் செய்த செலவு. இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு லயத்திலும் ஒரு கொப்பி வைப்போம். யார், எந்த நாள், என்ன வாங்கினார், எவ்வளவு? கத்தி, அரம், படங்கு, சப்பாத்து, மழைக்கோட்டு, லைசன் புதுப்பிப்பு, வைத்தியச் சான்றிதழ் எல்லாவற்றையும் எழுதுங்கள். பில் இருந்தால் ஒட்டுங்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடத்தில் இதைவிட நல்ல பயிற்சியை நான் எங்கே தேடுவது? ஆறு மாதத்தில் நம் டிவிசனின் மொத்தம் தெரியும். அந்த மொத்தத்தோடு போய் மேசையில் உட்கார்ந்தால் "ஏதோ சின்னச் செலவு" என்று யாரும் தள்ளிவிட முடியாது.

சங்கத்துக்கும் ஒரு சொல்

துரையை மட்டும் திட்டிவிட்டு முடித்தால் அது நேர்மை இல்லை. நம் சங்கக் கூட்டங்களில் சம்பளத் தொகையைப் பற்றிப் பத்துப் பேர் பேசினால், கத்தியைப் பற்றிப் பேச ஒருவர் இல்லை. வேலைச் செலவை நாமே ஏற்பது வழக்கமாகிவிட்டது. கம்பனி வாங்கித் தராவிட்டால் கடையில் வாங்கிக்கொள்வோம் என்று பழகிவிட்டோம். வழக்கம் என்பது யாரும் கேள்வி கேட்காத கழிவு. அது துண்டில் அச்சாவதில்லை, அதனால் கண்ணில் படுவதும் இல்லை.

பேச்சுவார்த்தைக்குப் போகும் நம் தலைவர்கள் இந்த மூன்றையும் சம்பளத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். வேலைக்கான கருவியும் பாதுகாப்பு உடையும் கம்பனியின் செலவு. சாரதி, இயந்திரம் பார்ப்பவர் போன்றோரின் பயிற்சி, லைசன், புதுப்பிப்பு, வைத்தியச் சான்றிதழ், பரீட்சை நாள் சம்பளம் கம்பனியின் செலவு. ஏற்கெனவே கையிலிருந்து செலவழித்தவருக்குப் பில்லைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "உங்களுக்குத்தான் இதில் வரி குறைகிறது, எங்களுக்கு ஒரு சதமும் குறையவில்லை" என்று சொன்னால் மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் கணக்காளருக்கு நன்றாகவே புரியும்.

அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். தம்பி, உன் லைசன் காசை நீ எந்த வரியிலும் கழிக்க முடியாது. உனக்கு அதைக் கழிக்கும் உரிமை தேவையும் இல்லை. அந்தக் காசு உன்னிடமிருந்து போயிருக்கவே கூடாது. லொறி அவர்களுடையது, கொழுந்து அவர்களுடையது, கழிவும் அவர்களுடையது என்றால் செலவும் அவர்களுடையதே. அம்மாவின் அடகுச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள். கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்ட வேண்டியது அதுதான்.

தோழமையுடன்,
உங்கள் தோட்டப் பள்ளிக்கூட டீச்சர்